தூக்குவதற்கு முன் இறக்க வழி பாருங்கள்: ஜிம்முக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

புதிதாக ஜிம்மில் சேர்கிறவர்கள் மாஸ்டரிடம் முதலில் கேட்பது, "அண்ணா, எவ்வளவு வெயிட் போடலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: பாதியில் கை விட்டுப்போனால் இந்த ராடை எங்கே இறக்குவது? எந்தக் கருவியை எடுப்பது, அதில் எவ்வளவு போடுவது, தனியாகச் செய்யலாமா பக்கத்தில் ஆள் வேண்டுமா, வீட்டுக்கு வாங்கலாமா வேண்டாமா, எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே முடிவு செய்துவிடலாம். பதில் தெரியாத கருவியில் வெறும் ராடு கூட அதிகம்தான்.

முதலில் ஜிம்மைத் தேர்ந்தெடுப்பது. தர்மபுரி, பாலக்கோடு, காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை என்று நம் பக்கத்து ஊர்களில் ஜிம்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: கடைக்கு மேல் ஒரு மாடி அல்லது ஷீட் போட்ட ஷெட், ஒரே ஒரு மாஸ்டர், சுவர் முழுக்கக் கண்ணாடி, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனால் நிற்க இடம் இருக்காது. ஓசூர் போனால் ஏசி, பளபளப்பான மெஷின் எல்லாம் கிடைக்கும், கட்டணமும் அதற்கேற்ற மாதிரி. ஏசியை வைத்து முடிவு செய்ய வேண்டாம். தினமும் நீங்கள் எந்த நேரத்துக்குப் போவீர்களோ அதே நேரத்தில் ஒருநாள் போய்ச் சும்மா அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். காலையில் காலியாக இருக்கும் ஜிம்மைப் பார்த்துப் பணம் கட்டிவிட்டு, சாயங்காலக் கூட்டத்தில் ஒருவன் டம்பெல் சுற்றுகிற இடத்தில் இன்னொருவன் தலையை வைத்துப் படுத்திருப்பதைப் பிறகு பார்ப்பதில் பயனில்லை.

உட்கார்ந்து என்ன பார்ப்பது? ஸ்குவாட் (ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) ஸ்டாண்டில் இரண்டு பக்கமும் ராடைத் தாங்குகிற பாதுகாப்புக் கம்பி இருக்கிறதா, பிளேட் நழுவாமல் பிடிக்கிற கிளிப் ராடுக்கு ரெண்டு என்று இருக்கிறதா அல்லது மொத்த ஜிம்முக்கும் சேர்த்து மூன்றுதானா, பிளேட்டெல்லாம் தரையில் காலை இடறுகிற மாதிரி கிடக்கிறதா. இதைவிட முக்கியம், புதுப்பையன் தப்பாகச் செய்யும்போது மாஸ்டர் எழுந்து வருகிறாரா இல்லை போனையே பார்க்கிறாரா என்பது. பழைய இரும்பும் நல்ல மாஸ்டரும் இருக்கும் ஷெட், புது மெஷின் இருந்தும் யாரும் கண்டுகொள்ளாத ஹால், இரண்டில் ஒன்று என்றால் நான் ஷெட்டுக்குத்தான் போவேன். ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் குறைத்துத் தருகிறோம் என்பார்கள், முதல் மாதம் மட்டும் கட்டுங்கள், போதும்.

இனி பெஞ்ச் பிரஸ், அதாவது பெஞ்சில் படுத்து ராடை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது. இதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் ராடு நேராகக் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் மேலே தொங்குவது இந்தப் பயிற்சியில்தான், புதுப்பையன்கள் முதலில் ஓடுவதும் இதற்குத்தான். படுத்ததும் கண் ராடுக்கு நேர்க்கீழே வர வேண்டும். கையை நீட்டும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்கிற உயரத்தில் ராடு இருக்க வேண்டும், எட்டி எடுக்கிற மாதிரி இருந்தால் கொக்கியிலிருந்து தூக்கும்போதே தோள்பட்டை பெஞ்சை விட்டு எழும்பிவிடும், அப்படி எழும்பின தோளில்தான் பிறகு மாதக்கணக்கில் வலி. கட்டைவிரல் ராடைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துக்கொண்டு உள்ளங்கையில் மட்டும் ராடைத் தாங்குகிறவர்கள் உண்டு, மணிக்கட்டுக்கு வசதியாக இருக்கிறது என்பார்கள், வியர்த்த கையில் ராடு உருண்டால் அது நேராக நெஞ்சில் வந்து விழும். சித்திரை, வைகாசியில் ஷீட் கூரைக்கு அடியில் வியர்க்காத கை எது? துண்டு ஒன்று எப்போதும் கையோடு இருக்கட்டும்.

சப்போர்ட்டுக்கு ஆள் நிறுத்தினால் செட் (நிறுத்தாமல் செய்கிற ஒரு சுற்று) தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். "எட்டு அடிக்கப் போறேன், ராடு நின்னுச்சுன்னா மட்டும் கை வைங்க, அதுக்கு முன்னாடி தொடாதீங்க." இவ்வளவுதான் பேச்சு. கடைசியில் ராடு இரண்டு பக்கமும் கொக்கியில் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் அவர் நகர வேண்டும். ஒவ்வொரு ரெப்புக்கும், அதாவது ஒவ்வொரு தடவை தூக்கி இறக்கும்போதும், அவர்தான் பாதி தூக்குகிறார் என்றால் அந்த வெயிட் உங்களுடையது இல்லை, குறையுங்கள்.

ஆள் இல்லையென்றால்? பாதுகாப்புக் கம்பி உள்ள ரேக்குக்குள் பெஞ்சை இழுத்துப் போட்டுச் செய்யலாம். கம்பியை எந்த உயரத்தில் வைப்பது என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். நெஞ்சை நிமிர்த்திப் படுத்தால் ராடு நெஞ்சைத் தொட வேண்டும், நெஞ்சைத் தளர்த்தினால் ராடு கம்பியில் உட்கார வேண்டும், கழுத்தை எட்டவே கூடாது. வெறும் ராடை வைத்து ஒருமுறை வேண்டுமென்றே தோற்றுப் பாருங்கள்: கீழே இறக்கி, கம்பியில் விட்டுவிட்டு, அடியிலிருந்து நகர்ந்து வெளியே வர முடிகிறதா? முடிந்தால் கம்பியைச் சொருகிய அந்த ஓட்டைதான் உங்கள் ஓட்டை, நம்பரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரேக்கும் இல்லை, ஆளும் இல்லை என்றால் அன்றைக்கு டம்பெல் பிரஸ் செய்யுங்கள், அதுவும் இல்லையென்றால் தண்டால் எடுங்கள், நெஞ்சுக்கு அது ஒன்றும் குறைச்சலான பயிற்சி இல்லை. எப்படியோ தனியாக மாட்டிக்கொண்டீர்கள் என்றால் வெட்கப்படாமல் கத்துங்கள். கத்தினாலும் கேட்க ஆள் இல்லையென்றால் ராடைக் கழுத்துப் பக்கம் போக விடாமல் வயிறு வழியாக இடுப்புவரை உருட்டி எழுந்து உட்காருவது ஒன்றுதான் வழி. வலிக்கும், ஆனாலும் வெளியே வந்துவிடலாம்.

பிளேட் கழற்றுவது பற்றி ஒரு வார்த்தை. ஒரு பக்கம் மொத்தத்தையும் உருவிவிட்டு மறுபக்கம் போகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். கொக்கிகள் இரண்டும் நெருக்கமாக இருக்கும் சின்ன பெஞ்சுகளில் ராடு அப்படியே செங்குத்தாக எகிறும். அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றித்தான் எடுக்க வேண்டும்.

ஸ்குவாட்டுக்கும் அதே கேள்விதான். ராடு ஸ்டாண்டில் உங்கள் நடுநெஞ்சு உயரத்தில் இருக்கட்டும், நுனிக்காலில் நின்று எடுக்கிற உயரம் வேண்டாம், கால் நடுங்கும் நேரத்தில் நுனிக்காலில் நின்று திரும்ப வைக்க முடியாது. எடுத்ததும் இரண்டடி பின்னால் வந்து செய்யுங்கள், முடித்ததும் முன்னால் நடந்து ஸ்டாண்டில் முட்டி வையுங்கள். முன்னால் நடந்து எடுத்துவிட்டுப் பின்னால் தடவித் தடவி வைப்பது என்பது களைத்த காலோடு கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது. பக்கத்துக் கம்பிகள் நீங்கள் உட்காருகிற அடிமட்டத்துக்கு ஓரிரு விரல் கீழே இருந்தால், எழ முடியாதபோது இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தாலே வேலை முடிந்தது. கம்பியே இல்லாத ஸ்டாண்டா? ஒரு டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு பஸ்கி போடுங்கள், முடியவில்லை என்றால் முன்னால் தரையில் வைத்துவிடலாம். புதியவர்களுக்கு உட்காரும் முறை பிடிபடுவதற்கும் இதுதான் நல்ல வழி.

ஸ்மித் மெஷினைப் பார்த்து, தண்டவாளத்தில் ஓடுகிற ராடுதானே, விழாது என்று நினைக்கிறார்கள். விழும். மணிக்கட்டைத் திருப்பினால்தான் கொக்கி மாட்டும், களைப்பில் ஒரு பக்கம் மாட்டி மறுபக்கம் மாட்டாமல் போகும். அடியில் நகர்த்தி வைக்கிற தடுப்பு இரண்டு இருக்கும், அதை உங்கள் உயரத்துக்கு வைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். அந்த ராடின் எடையும் மெஷினுக்கு மெஷின் மாறும், அதனால் ஸ்மித்தில் தூக்கின கணக்கை சாதாரண ராடில் போடாதீர்கள்.

கேபிள் மெஷின்களில் உங்கள் மேல் எதுவும் விழாது என்பதால் தொடக்கத்துக்கு நல்லவைதான், அறுந்தால்தான் பிரச்சினை. உட்காரும் முன் கேபிளை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பாருங்கள். மேல் உறை பிளந்து உள்ளே இருக்கிற இரும்பு நூல் தெரிந்தால், அதிலும் ஒன்றிரண்டு நூல் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால், அதில் உட்காராதீர்கள், மாஸ்டரிடம் சொல்லிவிட்டு வேறு பயிற்சிக்குப் போங்கள். எடையைத் தேர்ந்தெடுக்க வெயிட்டில் சொருகுகிற இரும்பு ஊசி (பின்) முழுதாக உள்ளே போயிருக்க வேண்டும். பின் தொலைந்துபோய் அதற்குப் பதில் ஆணியோ போல்ட்டோ சொருகியிருக்கிற மெஷின்களும் நம் ஊரில் உண்டு, தொடாதீர்கள். உட்கார்ந்து மேலிருந்து கம்பியைக் கீழே இழுக்கிற லாட் புல்டவுனில் அதைக் கழுத்துக்குப் பின்னால் இழுக்காமல் முன்னால், மேல்நெஞ்சுக்கு இழுங்கள். உட்கார்ந்து முழங்காலை நீட்டித் தூக்குகிற லெக் எக்ஸ்டென்ஷன் மாதிரி மெஷின்களில் அது சுழல்கிற அச்சும் உங்கள் முழங்கால் மூட்டும் ஒரே நேரில் வரும்படி சீட்டை நகர்த்துங்கள், நகர்த்தாமல் முன்னால் உட்கார்ந்தவரின் அளவிலேயே செய்தால் மூட்டுதான் வாங்கும்.

காலால் வெயிட்டைத் தள்ளுகிற லெக் பிரஸ்ஸில் மேலே மூன்று பேரை ஏற்றி ரீல்ஸ் எடுக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், அதைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை. நீங்கள் செய்யும்போது முழங்காலை முழுக்க நீட்டி லாக் செய்யாதீர்கள், கீழே வரும்போது இடுப்பு சீட்டை விட்டுச் சுருண்டு எழத் தொடங்குகிற இடத்தோடு நிறுத்துங்கள், தடுப்புக் கைப்பிடி எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று வெறும் மெஷினில் பழகிவிடுங்கள். டிரெட்மில்லில் ஓரத்தில் நின்று ஆரம்பித்து, பெல்ட் மெதுவாக ஓடத் தொடங்கிய பிறகு ஏறுங்கள், இழுபட்டால் மெஷினை நிறுத்துகிற சிவப்புக் கயிற்றை பனியனில் மாட்டிக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் பெல்ட் ஓட்டத்தின் நடுவே நின்றுவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

டம்பெல் எல்லாவற்றையும்விட எளிது, இறக்க இடம் தேடவே வேண்டாம், அதனால் முதல் இரண்டு மூன்று மாதம் அதிகம் இதிலேயே செய்யச் சொல்வேன். நட்டு போட்டு பிளேட் மாற்றுகிற டம்பெல் என்றால் ஒவ்வொரு செட்டுக்கும் முன்னால் நட்டை இறுக்குங்கள், கையில் சுழலச் சுழல அது தானாகத் தளரும், தலைக்கு மேல் தூக்கியிருக்கும்போது பிளேட் கழன்றால் விழுகிற இடம் முகம். படுத்துச் செய்யும்போது கனமான டம்பெல்லைத் தரையிலிருந்து கையால் தூக்காமல், தொடைமேல் வைத்து, முட்டியால் ஒரு தள்ளுத் தள்ளிப் படுக்க வேண்டும். முடிந்ததும் நெஞ்சுக்கு இறக்கி, அப்படியே எழுந்து உட்கார்ந்து கீழே வையுங்கள். படுத்தபடியே பக்கவாட்டில் போட்டால் பக்கத்தில் நிற்பவன் கால் இருக்கிறது.

வீட்டில் செட்டப் போடுகிறவர்களுக்கு. யாரோ ஒருவர் ஆசையாக வாங்கி துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெஞ்ச், ராடு, பிளேட் எல்லாம் பாதி விலைக்குக் கிடைக்கும், வாங்கலாம், இரும்பு கெட்டுப்போகிற பொருள் இல்லை. ஆனால் ராடின் தடிமனும் பிளேட்டின் ஓட்டையும் பொருந்துகிறதா பாருங்கள். போட்டிகளில் பயன்படுத்துகிற ராடு 20 கிலோ, ஏழு அடிக்குச் சற்று அதிகம், பிளேட் மாட்டும் முனை 50 மில்லிமீட்டர். வீட்டுக்கு விற்பவை பெரும்பாலும் ஒரு இன்ச் ராடுகள், மூன்றடி, நான்கடி, ஐந்தடி என்று வரும், எடை ஒவ்வொன்றும் ஒரு மாதிரி, தராசில் வைத்துத் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய ஓட்டை பிளேட்டைச் சின்ன ராடில் மாட்டிக் கயிறு கட்டிச் சமாளிப்பது வேண்டாம். உள்ளே மணலோ சிமெண்டோ அடைத்த பிளாஸ்டிக் பிளேட் மலிவுதான், ஆனால் தடிமனாக இருப்பதால் ராடின் நீளத்தை அதுவே தின்றுவிடும், கடைசியில் கிளிப் போட இடமிருக்காது, கீழே போட்டால் விரிசலும் விடும்.

பெஞ்சை உள்ளூர் வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்வது நம் ஊரில் சகஜம். நல்ல யோசனைதான், உங்கள் உயரத்துக்கே செய்து வாங்கலாம். இரண்டு இன்ச் சதுர பைப், 14 கேஜ் கேளுங்கள், அது கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் தகடு, அதைவிட மெல்லியது வேண்டாம். வெல்டிங் மூட்டைச் சுற்றி முழுதாக ஓடியிருக்க வேண்டும், அங்கங்கே புள்ளி வைத்து பெயின்ட் அடித்து மூடியிருந்தால் வாங்காதீர்கள். ஒரு கணக்கு: நீங்கள் 70 கிலோ, ராடும் பிளேட்டும் 60 கிலோ என்றால் பெஞ்ச் தாங்க வேண்டியது 130. வீடு கட்டுகிற இடம் பக்கத்தில் இருந்தால் 50 கிலோ சிமெண்ட் மூட்டை மூன்றை அதன்மேல் ஏற்றி ஒரு ராத்திரி விடுங்கள், காலையில் ஆட்டிப் பாருங்கள். பெஞ்சிலேயே இருக்கும் கொக்கிகள் உங்கள் கைப்பிடிக்கு உள்ளே வருகிற மாதிரி குறுகலாக இருந்தால், ராடை வைக்கும்போது விரல் நசுங்கும், அகலமாக வைக்கச் சொல்லுங்கள்.

தரைக்கு ஜிம் மேட் என்று தனியாக வாங்கினால் விலை அதிகம். மாட்டுக் கொட்டகைக்குப் போடுகிற ரப்பர் மேட் தீவனக் கடைகளில் விசாரித்தால் கிடைக்கும், தடிமனானது, வழுக்காது, டைல்ஸும் பிழைக்கும். முதல் சில நாள் ரப்பர் வாசம் வரும், வெயிலில் காயப்போடுங்கள். கதவு நிலைக்கு நடுவில் திருகி இறுக்குகிற புல்லப் கம்பியை மட்டும் எனக்குப் பிடிக்காது, வெறும் உராய்வில் நிற்கிறது அது, தொங்கி ஆடும்போது நழுவினால் முதுகு தரையில். சுவரில் ஆங்கர் போல்ட் அடித்து மாட்டுவதை வாங்குங்கள். கனமான பெஞ்ச் பிரஸ்ஸையும் ஸ்குவாட்டையும் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

உடுப்பில் பெரிய செலவு எதுவும் வேண்டாம். குஷன் வைத்த ரன்னிங் ஷூவில் ஸ்குவாட் செய்தால் கால் ஆடும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற வெள்ளை கேன்வாஸ் பிடி ஷூ தட்டையான அடியோடு இருப்பதால் அதுவே சரியாக இருக்கும். செருப்போடும் வெறுங்காலோடும் பிளேட் நடுவே நடக்காதீர்கள். மோதிரம், காப்பு, கழுத்துச் செயின், கையில் கட்டிய கோயில் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உள்ளே போங்கள், ராடுக்கும் விரலுக்கும் நடுவில் மாட்டிய மோதிரம் விரலையே கிழிக்கும். வெயிட் தூக்க இடுப்பில் கட்டுகிற பெல்ட் இப்போது வேண்டாம்.

எவ்வளவு வெயிட்? பன்னிரண்டு ரெப் அடித்த பிறகும் இன்னும் இரண்டு மூன்று மிச்சம் இருக்கிற வெயிட். வாரத்துக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், ஒவ்வொரு பயிற்சியும் இரண்டு மூன்று செட். எந்தப் பயிற்சிக்கும் முதல் செட் வெறும் ராடு. கூட்டுவதும் கொஞ்சமாகத்தான், ஜிம்மில் 2.5 கிலோவுக்குக் கீழே பிளேட் இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் ஐந்து கிலோ ஏறும், புதியவருக்கு அது அதிகம், 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், பிரஷர் உள்ளவர்கள் மூச்சை அடக்கித் தம் கட்டவே கூடாது.

பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டியில் நாள் முழுக்கத் தக்காளி கிரேட் ஏற்றி இறக்குகிற பையன்கள் ஜிம்முக்கு வந்தால் முதல் நாளே எல்லோரையும் தூக்கிச் சாப்பிடுவார்கள். பலம் உண்மைதான். ஆனால் அவர்கள் முதுகு ஏற்கெனவே ஒரு வொர்க்அவுட்டை முடித்துவிட்டு வந்திருக்கிறது, லோடு அதிகம் ஏறின நாளில் டெட்லிஃப்ட் (குனிந்து தரையிலிருந்து ராடைத் தூக்குவது) வேண்டாம், படுத்தோ உட்கார்ந்தோ செய்கிறவற்றை மட்டும் செய்துவிட்டுப் போகலாம். ஓசூரில் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் நேராக ஜிம்முக்கு வருகிறவர்களுக்கும் இதேதான், தூக்கக் கலக்கத்தில் ராடுக்கு அடியில் படுக்காதீர்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் கவனிக்க வேண்டிய ஒன்று, ஃப்ளோரைடு. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. இங்கே பல ஊர் போர் தண்ணீரில் அதைத் தாண்டியதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. வருடக்கணக்கில் அந்த போர் தண்ணீர் குடித்தவர்களுக்கு மூட்டும் முதுகெலும்பும் இறுகலாம். சின்ன வயதிலேயே குனிய முடியாமல் முதுகு விறைப்பு, முட்டி வலி, பல்லில் பழுப்புக் கறை இருக்கிறவர்கள் ஸ்குவாட் பக்கம் போகும் முன் அரசு ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

சாப்பாட்டுக்குக் களி, முட்டை, கொள்ளு, கடலை இருக்கிறது, பவுடர் வாங்கியே தீர வேண்டும் என்றில்லை. ஜிம்மிலேயே யாராவது ஊசியோ மாத்திரையோ நீட்டினால் அந்த ஜிம்மை மாற்றிவிடுங்கள்.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ தசை முழுக்க வலிப்பது சாதாரணம், மூன்று நான்கு நாளில் போய்விடும். மூட்டில் சுருக்கென்று ஒரே இடத்தில் குத்துவது, கை காலுக்கு இறங்குகிற மரமரப்பு, இதெல்லாம் வேறு. செட்டை அங்கேயே நிறுத்துங்கள், சுளுக்கு வழிக்கிறவரிடம் ஓடி அதைத் திருகவிடாதீர்கள், டாக்டரிடம் போங்கள். நெஞ்சு இறுக்கம், கண் இருட்டுவது என்றாலோ, கடுமையாகச் செய்த அடுத்த நாள் சிறுநீர் டீ நிறத்தில் போனாலோ, விடியட்டும் பார்க்கலாம் என்று இருக்காமல் அந்த நேரத்திலேயே 108-க்குக் கூப்பிடுங்கள் அல்லது யாரையாவது வண்டி எடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.